கீழே இருந்த பிரதி

"சிரிக்கிற மாதிரி இருக்கற போட்டோவா பாத்து அனுப்புங்கக்கா. வாட்சப்புல வேணாம், பெருசாக்குனா மூஞ்சி ஒடைஞ்சிபோயிடும். மெயில்ல போடுங்க" என்றான் பேனர் கடைக்காரன்.

"சரி."

"பேருக்குக் கீழ என்னான்னு போடட்டும்?"

"என்னது?"

"வேலைக்கா. இன்ஜினியரு, வாத்தியாரு, அந்த மாதிரி."

சத்யப்பிரியா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஆடி மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். "பேரு மட்டும் போதும்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் அண்ணன் எழிலன் படுத்திருந்தான். விடிகாலையில் பால் வாங்கப் போகலாமென்று சட்டையை மாட்டியவன், பாதிப் பொத்தான் போடுவதற்குள் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். அண்ணி அருள்மொழி உலுக்கி உலுக்கிக் கூப்பிட்டாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாற்பதுகூட ஆகவில்லை. சிதம்பரத்தில் அந்தச் சந்துக்கே அந்தச் செய்தி நம்பமுடியாததாக இருந்தது. நேற்று சாயங்காலம்கூட எதிர்வீட்டு அம்மாளின் கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிக்கொடுத்தவன்.

சத்யப்பிரியா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அண்ணனின் லேப்டாப்பைத் திறந்தாள். கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். கல்லூரி முடித்த கையோடு அண்ணனிடம்தான் வெப்சைட் வேலை கற்றுக்கொண்டாள். போட்டோ இருக்கும் இடத்தைத் தேடும்போதுதான் திரையோரத்தில் ஒரு கறுப்புக் கட்டம் கண்ணில் பட்டது. ஏதோ வேலை தானாக ஓடி, பாதியில் நின்று, பதிலுக்குக் காத்திருந்தது. அண்ணனே எழுதிவைத்த வாசகம்:

'மேலே இருப்பது கீழே இருப்பதைவிடக் குறைவாக இருக்கிறது. இறக்கட்டுமா, வேண்டாமா?'

அவளுக்கு முதுகு நிமிர்ந்தது.

எந்த வெப்சைட்டுக்கும் இரண்டு உருவம் உண்டு. ஒன்று ஊர் உலகம் பார்ப்பது. இன்னொன்று அதைச் செய்கிறவனின் கம்ப்யூட்டரில் இருப்பது. பிரித்துப் பார்ப்பதும் உடைத்து ஒட்டுவதும் இதில்தான். எழிலன் ஒன்றை 'மேல' என்பான், மற்றதைக் 'கீழ' என்பான். "நாம செய்யற வேல கீழேர்ந்து மேல போவணும். ஜனங்க எழுதுறது மேலேர்ந்து கீழ வரணும். ரெண்டும் தெனம் ஒண்ணப்போல இருக்கணும். இதுல தெச மாறுச்சுன்னா குடி முழுகிப்போவும், பிரியா" என்பான். குளிக்காமல் அடுப்பு பற்றவைக்காத பெண்களைப் போல, மேலே இருப்பதை இறக்கிக்கொள்ளாமல் அவன் எந்த வேலையையும் தொடமாட்டான்.

இது கடலூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையத்தின் வெப்சைட். யாருக்கு எந்தக் கிழமை, எந்த மிஷின், எந்த ஊரிலிருந்து யாரை வேன் ஏற்றிவர வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் அதில்தான். எழிலன் கட்டியது. மஞ்சக்குப்பத்தில் கம்பெனி வைத்திருந்த கார்த்திகேசனுக்காகக் கட்டியது. கார்த்திகேசன் அருள்மொழியின் கூடப்பிறந்த அண்ணன்.

போன ஆடியில் கார்த்திகேசன் அவசரத்தில் தன் லேப்டாப்பில் கிடந்த பழைய பிரதியை மேலே ஏற்றிவிட்டான். நடுவில் ஜனங்கள் பதிந்ததெல்லாம் போயிற்று. குமராட்சியிலிருந்து விடியலில் கிளம்பி வந்தவர்கள், "ஒங்க பேரே இல்லியே" என்ற பதிலைக் கேட்டு வாசலிலேயே மூச்சுவாங்க உட்கார்ந்தார்கள். அறக்கட்டளையின் பெரிய மனிதர்கள் கூடிக் கேட்டபோது கார்த்திகேசன் ஒரு விரலை நீட்டினான். "இவர்தான் சார் பாத்துக்கறது." அத்தனை பேர் முன்னாலும் எழிலனை மனிதக் கணக்கிலேயே சேர்க்காமல் பேசினார்கள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தான்.

"ஏண்ணா, வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?" என்று அன்று அவள் கத்தினாள்.

"அருளோட அண்ணன். சொல்லிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இவகூட சாப்புட ஒக்காருவேன்?" என்றான். அதோடு சரி. அதன் பிறகு அவன் சிரிப்பு குறைந்தது, தூக்கம் குறைந்தது. மார்புதான் அதை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது என்று சத்யப்பிரியா நினைத்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இன்று காலை சுவரோரம் சரிந்தது பழியைச் சுமந்த உடம்பு.

வேலை போன பிறகும் அவன் தினமும் அந்த வெப்சைட்டைக் கீழே இறக்கிக்கொண்டுதான் இருந்தான். மையத்தில் தலைமை நர்ஸாக இருந்த பிரிசில்லா, "யாரையும் நம்ப முடியல தம்பி, நீங்க ஒரு காப்பி வச்சுக்கங்க" என்று கேட்டிருந்தார். அண்ணன் சிஸ்டர் சொல்லைத் தட்டவில்லை. ஆடிக்குப் பிறகு இந்தக் கேள்வியையும் எழுதிச் சேர்த்தான். மேலே இருப்பது திடீரென்று குறைந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறக்காதே, நின்று கேள்.

இப்போது நின்று கேட்கிறது. அப்படியென்றால்?

அவள் வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். கார்த்திகைக்கு முன்னால் இருந்த நிலை. தை போய் மாசி பிறந்தாயிற்று. வெப்சைட்டில் மட்டும் கார்த்திகை விளக்கே இன்னும் ஏற்றப்படவில்லை.

கார்த்திகேசன் மறுபடியும் அதையே செய்திருக்கிறான்.

கம்பெனியில் பிரதி எடுத்துவைக்கிற ஏற்பாடு எழிலனோடு வெளியேறிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அண்ணன் வருத்தப்பட்டிருக்கிறான். ஆக, நேற்றுவரை உள்ளது முழுசாக இருக்கும் ஒரே இடம் அவள் மடிமேல் சூடாக இருக்கும் இந்தப் பெட்டிதான்.

காலையிலிருந்து அவள் நெஞ்சில் கிடந்த பாறை சற்று நகர்ந்தாற்போல இருந்தது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இது நிற்கக்கூட இல்லையே, பிணம் எடுப்பதற்குள் வந்துவிட்டதே என்று நினைத்தாள். பழிவாங்கும் எண்ணத்துக்கு ஒரு சுகம் உண்டு. துக்கத்தைப்போல் அது ஆளைக் கீழே தள்ளுவதில்லை. எழுப்பி உட்காரவைக்கிறது, முகத்தைக் கழுவச் சொல்கிறது. நல்லவர்களும் அதனால்தான் அதில் ஏமாந்துபோகிறார்கள்.

அண்ணன் சிரிக்கும் படமொன்றைப் பேனர் கடைக்கு அனுப்பினாள். கறுப்புக் கட்டத்தில் 'வேண்டாம்' என்று பதில் சொன்னாள். லேப்டாப்பை மூடினாள்.

வெயில் ஏறியபோது சந்து முனையில் தப்பட்டைச் சத்தம் மாறியது. "பொறந்த வூட்டுக் கோடி வருது, வழி வுடுங்க" என்றார் பெரியப்பா ராஜமாணிக்கம். குமராட்சியிலிருந்து முதல் மினிபஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து எல்லாம் அவர் பொறுப்புதான்.

கணவனை இழந்தவளுக்குக் கூடப்பிறந்தவன் கோடித்துணி கொண்டுவந்து போர்த்த வேண்டும். எத்தனை பகையிருந்தாலும் அந்த முறையை யாரும் விடுவதில்லை. தட்டில் புடவையும் பூவும் வைத்துக்கொண்டு கார்த்திகேசன் முன்னால் வந்தான். கண் வீங்கியிருந்தது. சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. தங்கையின் தோளில் புடவையைப் போர்த்தியபோது அருள்மொழி, "அண்ணா, ஒன் மாப்ளயப் பாருண்ணா, கூப்புட்டா எழுந்திருக்க மாட்டேங்குறாரு" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

'நல்லா அழு' என்று கதவோரம் நின்ற சத்யப்பிரியா மனசுக்குள் சொன்னாள். 'இன்னும் இருக்கு.'

அவள் நினைத்தது போலவே சிறிது நேரத்தில் அவன் சமையலறை வாசலுக்கு வந்தான்.

"பிரியா."

"சொல்லுங்க மாமா."

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. வேற வழி தெரியல. மாப்ள லேப்டாப்புல டயாலிசிஸ் சைட்டு காப்பி இருக்குமே."

"இருந்தா?"

"காலைல ஒரு சின்ன டிசைன் மாத்தம் பண்ணி மேல ஏத்திக்கிட்டு இருந்தேன். அப்பதான் அருள் போன் பண்ணுச்சு. அது கத்துன கத்துல கை எதத் தொட்டுச்சுன்னே தெரியல. மொத்தத்தையும் ஏத்திட்டேன்."

"ஆடி மாசமும் யாராச்சும் போன் பண்ணாங்களா?"

அவன் பையில் துடித்த போனை அமுக்கினான்.

"அண்ணன்கிட்ட காப்பி இருக்குன்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. தெனம் மாப்ள எறக்கிக்கறது எனக்கு அங்க தெரியும். பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நிறுத்தணும்னு தோணல."

"பெரிய தருமம்தான்."

"பிரியா, நாளைக்கு மொத ஷிஃப்ட்டுக்கு ஆளுங்க வந்துடுவாங்க. ஞாயித்துக்கெழம, ஒருத்தரும் போன எடுக்கல. நீதான்..."

"தரேன்" என்றாள். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதியைச் சொன்னாள். "அண்ணன் கால்மாட்டுல போய் நில்லுங்க. பெரியப்பா இருக்காரு, அண்ணி இருக்காங்க, தெருவே இருக்கு. ஆடி மாசம் அழிச்சது நான், இவரு இல்லன்னு சத்தமா சொல்லுங்க. சொன்ன அடுத்த நிமிஷம் ஏத்திடறேன்."

"சொல்றேம்மா. கண்டிப்பா சொல்றேன். பதினாறாம் நாளு முடியட்டும், நானே எல்லாரையும் ஒக்கார வச்சு..."

"பதினாறாம் நாளு அண்ணன் இருப்பானா? இப்ப சொல்லுங்க. மொகம் தெரியுதுல்ல, இப்பவே."

"அருள் தாங்காதுடி."

"எங்க அண்ணன் தாங்குனான். ஆறேழு மாசம் தாங்குனான்."

வெளியே ராஜமாணிக்கம், "நேரமாவுது, குளிப்பாட்ட நீர்மால எடுத்துட்டு வந்தாச்சா?" என்று குரல் கொடுத்தார். கார்த்திகேசன் கூடத்துக்குப் போனான். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டிருந்தார்கள். அவன் கால்மாட்டில் போய் நின்றான். சத்யப்பிரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வாய் ஒருமுறை திறந்தது. அருள்மொழி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். உலகத்தில் தனக்கு மிச்சமிருக்கும் ஒரே துணையைப் பார்க்கிற பார்வை. அவன் குனிந்து, சரிந்திருந்த மாலையை நேராக்கினான். பின்னால் போய்க் கூட்டத்தோடு நின்றுகொண்டான்.

சங்கு ஊதினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். தூக்கிவிட்டார்கள்.

பெண்கள் சந்து முனைவரை போய்த் திரும்பினார்கள். அதற்குமேல் போகிற வழக்கமில்லை. கூட்டம் வளைவில் மறையும்வரை சத்யப்பிரியா நின்றாள். பாடைக்கு முன்னால் கொள்ளிச் சட்டியோடு பெரியப்பா மகன் அன்பரசு. பின்னால் தோள் கொடுத்தவர்களில் ஒருவனாகக் கார்த்திகேசன்.

'கெடக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டாள். 'நாளைக்கு அத்தன பேரும் சேந்து இவன் சட்டையப் பிடிக்கட்டும். கம்பெனிக்குப் பூட்டு போடட்டும். தலை குனியறது எப்படி இருக்கும்னு இவனும் பாக்கட்டும்.'

வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகத் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் பிரிசில்லா சிஸ்டர் வந்தார். கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்திருக்கிறார். காலை ஷிஃப்ட் முடித்த களைப்பு கண்ணுக்குக் கீழே தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்க், ஒரு பொட்டலம்.

"தூக்கிட்டாங்களா?" என்றார்.

"இப்பதான் சிஸ்டர்."

"சிப்காட் தாண்டறதுக்குள்ள ரெண்டு எடத்துல நிறுத்திட்டான் பாவி பஸ்ஸ." எழிலன் கிடந்த இடத்தில் ஏற்றிவைத்திருந்த விளக்குக்கு முன்னால் மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, ஈரத் தலையோடு மூலையில் சுருண்டிருந்த அருள்மொழியிடம் போனார். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். பிளாஸ்க்கிலிருந்து கஞ்சியை ஊற்றி, ஆற்றி, "ஒரு வாய்ம்மா. எனக்காக வேணாம், சும்மா ஒரு வாய்" என்று ஊட்டினார். காலையிலிருந்து யார் சொல்லியும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அருள்மொழி வாயைத் திறந்தாள். ஆயிரம் நரம்பு தேடிப் பழகிய கை அது. எங்கே தொட்டால் வலிக்காது என்று அதற்குத் தெரியும்.

சத்யப்பிரியா காத்திருந்தாள். சிஸ்டர் எப்படியும் கேட்பார். கேட்டால் என்ன சொல்வது என்று தயார் செய்துகொண்டும் இருந்தாள்: 'கார்த்திகேசன் மாமாவக் கேளுங்க. அவர் வாயில இருக்கு சாவி.'

சிஸ்டர் கேட்கவில்லை. அருள்மொழியின் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டார். எதிர்வீட்டு அம்மாள், "இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, இருந்துட்டுப் போலாம்ல" என்றபோது தலையசைத்தார்.

"இல்லம்மா. நாளைக்கு நாலு மணிக்கெல்லாம் வாசல்ல நிக்கணும். கம்ப்யூட்டர்ல என்னமோ ஆயிடுச்சு. செத்துப்போனவுங்க பேரெல்லாம் திரும்பி வந்திருக்கு. பொங்கலப்ப போயிட்டாரே குமராட்சி நாயக்கர் தாத்தா, அவரு வூட்டுக்கு வேன் அனுப்பச் சொல்லுது. அவரு சம்சாரம் வெள்ளப் புடவையோட வந்து கதவத் தொறக்கும், டிரைவர் போய், 'தாத்தாவ வரச்சொல்லுங்க'ன்னு நிப்பான். அதான் டிரைவரப் பாத்து வாயால சொல்லிடணும். புதுசா சேந்தவுங்க பேரு ஒண்ணும் இல்ல. வர்றவங்கள ஒக்கார வச்சு ஒவ்வொருத்தரா கேட்டுக்குவேன். மருந்துதான் கொஞ்சம் பயமா இருக்கு. யாருக்கு எது ஆவாதுன்னு எனக்குப் பாதி ஞாபகம் இருக்கு."

செருப்பை மாட்டப் போனவரை சத்யப்பிரியா வாசலில் மறித்தாள்.

"நீங்க ஏன் கேக்கல?"

"என்னத்த பாப்பா?"

"அண்ணன் லேப்டாப்புல எல்லாம் இருக்கு. ஒங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லித்தான வச்சிருந்தான்."

பிரிசில்லா அவள் முகத்தைப் பார்த்தார். "தெரியும்" என்றார். "எழவு வூட்டுல வந்து அதக் கேப்பாங்களா? நான் தம்பியப் பாக்க வந்தேன்."

சொல்லிவிட்டு அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டார். அவ்வளவுதான் செய்தார். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். முடியை ஒதுக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை. சத்யப்பிரியாவின் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தை இந்த அம்மாளின் தலைமேல் வைத்து நாளை விடியலில் நாலு மணிக்கு நிற்கவைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

"உள்ள வாங்க" என்றாள்.

தரையெல்லாம் ஈரம். வாஷிங் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து நின்றபடியே திறந்தாள். கீழே இருப்பது முழுசாக இருக்கிறது. மேலே தள்ளிவிட்டால் முடிந்தது. தட்டவேண்டியதைத் தட்டி, கடைசி விசையின்மேல் விரலை வைத்துவிட்டாள். அப்போதுதான் பக்கத்தில் நின்ற பிரிசில்லா சாதாரணமாகச் சொன்னார்: "காலைல மலிகாம்மான்னு ஒருத்தரப் புதுசா சேத்தேன். பரங்கிப்பேட்டை. பாவம், ஊசின்னாலே நடுங்கறாங்க."

சத்யப்பிரியாவின் விரல் நின்றது.

காலையில் பழைய பிரதி மேலே ஏறிய பிறகு சிஸ்டர் பதிந்தது அது. மேலே மட்டும்தான் இருக்கிறது. தன்னிடம் இருப்பதை அப்படியே ஏற்றியிருந்தால் மலிகாம்மா அழிந்திருப்பார். ஒரு விரல் அழுத்தம். கண்ணில் நீர், மனசில் அவசரம், கை தன்போக்கில் போகிறது. கார்த்திகேசன் செய்ததும் இதுதான்.

அவள் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அவனை அவ்வளவு அருகில் நிற்கவைக்க அவள் விரும்பவில்லை.

"இன்னிக்கு வேற என்னென்ன போட்டீங்க, சொல்லுங்க சிஸ்டர். ஒண்ணு விடாம" என்றாள்.

அண்ணன் செய்வதைப்போலவே செய்தாள். முதலில் மேலே இருந்ததைத் தனியாக இறக்கினாள். அதில் இன்றைக்குப் புதிதாக வந்தவற்றைப் பிரித்தெடுத்தாள். பிரிசில்லா போனைப் பார்த்தும் ஞாபகத்திலிருந்தும் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, நேற்றுவரை இருந்ததோடு சேர்த்தாள். இரண்டு முறை பார்த்தாள். பிறகுதான் மேலே ஏற்றினாள். ஜனங்கள் எழுதியது கீழேயிருந்து மேலே போகக் கூடாது என்பது அண்ணனின் சட்டம். அந்தச் சட்டத்தை இந்த ஒரு நாள் மீறலாம் என்று அவனே சொல்லியிருப்பான்.

பிரிசில்லா தன் போனில் திறந்து பார்த்தார். குமராட்சித் தாத்தாவின் பெயர் இல்லை. மலிகாம்மா இருந்தார்.

"வந்துடுச்சு" என்றார் மெதுவாக. கூடத்து விளக்கைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாமாகிட்ட சொல்லாதீங்க. கொஞ்ச நேரம் தவிக்கட்டும்."

பிரிசில்லா புன்னகை செய்யவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. "நான் யாருக்கும் போன் பண்ணல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

கோயிலின் சாயரட்சை மணி கேட்கும் நேரத்தில் அன்பரசு பைக்கில் முன்னால் வந்துவிட்டான். மொட்டைத் தலை, ஈர வேட்டி. வாசலில் நின்றபடியே, "அக்கா, இங்க வா. ஒரு விஷயம்" என்றான்.

"என்னடா?"

"கொள்ளி வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வரணும்ல. எல்லாரும் நடந்துட்டோம். அண்ணியோட அண்ணன் மட்டும் நிக்கிறாரு. அப்பா, 'யோவ், வாய்யா, நிக்கக் கூடாது'ன்னு சத்தம் போட்டாரு. அவரு நெருப்பப் பாத்துக்கிட்டே பேசறாரு. மொதல்ல என்னா சொல்றாருன்னே புரியல. அப்பறம் கத்தறாரு. 'ஆடியில அழிச்சது நான்யா. பழிய மாப்ள மேல போட்டேன். அருளுக்காக அவரு வாயத் தொறக்கல. பாவி நான் உசுரோட நிக்கறேன்'னு. அத்தன பேரும் நின்னுட்டாங்க. அறக்கட்டளை ஆளுங்க ரெண்டு பேரு வந்திருந்தாங்க, அவுங்க முன்னாலயே."

சத்யப்பிரியா படியிறங்கி அவனருகில் போனாள்.

"எப்ப சொன்னாரு? கொள்ளி வைக்கறதுக்கு முன்னாலயா?"

"அப்பறந்தான்."

"அண்ணன் மொகம்..."

"மூடியாச்சுக்கா. எரிய ஆரம்பிச்சிடுச்சு."

"கடலூர்லேர்ந்து போன் வந்துச்சா அவருக்கு? சைட்டு சரியாயிடுச்சுன்னு?"

"எந்தப் போனு? இந்தா, எங்கிட்டதான் இருக்கு. சுடுகாட்டுக்குள்ள போறப்பவே ஆஃப் பண்ணிக் குடுத்துட்டாரு." அன்பரசு இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அவள் கேட்ட வார்த்தை, கேட்டபடியே, எல்லார் முன்னாலும் சொல்லப்பட்டிருக்கிறது. கேட்கவேண்டிய இரண்டு பேர் மட்டும் அங்கே இல்லை. ஒருவன் கேட்கும் நிலையில் இல்லை. இன்னொருத்தியான அண்ணி சந்து முனையோடு திரும்பிவிட்டாள். கார்த்திகேசன் பிடிவாதமாகச் சொல்லாமலேயே இருந்திருந்தால்கூட அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். சாகும்வரை வைத்துக் காய்ச்சியிருப்பாள். இப்போது கை வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையும் எரிந்தது.

உள்ளே அருள்மொழியின் அழுகை நின்றிருந்தது. ஜன்னல் வழியாக அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். சத்யப்பிரியா திரும்பிப் பார்க்கவில்லை.

"தண்ணி எடுத்துட்டு வாம்மா, ஆளுங்க வந்துட்டாங்க" என்று எதிர்வீட்டு அம்மாள் குடத்தைக் கையில் கொடுத்தார். காட்டுக்குப் போய் வந்தவர்கள் கால் கழுவிவிட்டுத்தான் படியேற வேண்டும். வீட்டுப் பெண் ஒருத்தி ஊற்ற வேண்டும்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ராஜமாணிக்கம் காலை நீட்டினார், ஊற்றினாள். அவர் அவள் தலையில் கையை வைத்துவிட்டு உள்ளே போனார். பங்காளிகள் வந்தார்கள். தெருக்காரர்கள் வந்தார்கள். கடைசியில் கார்த்திகேசன் வந்தான். வேட்டியில் சாம்பல். செருப்பைக் காட்டிலேயே விட்டுவிட்டிருந்தான். அவள் எதிரில் வந்ததும் நின்றான். குடத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "நான் பைப்புல கழுவிக்கறேம்மா" என்று ஒதுங்கப் போனான்.

"காட்டுங்க" என்றாள்.

அவன் ஒரு காலை முன்னால் வைத்தான். குதிகாலில் முள் கிழித்த ரத்தம் காய்ந்திருந்தது. அவள் குடத்தைச் சாய்த்தாள். மண்ணும் சாம்பலும் கரைந்து படியோரமாக ஓடியது. அவன் போதும் என்பதுபோல நகர்ந்தான்.

அவள் குடத்தை நிமிர்த்தவில்லை.

"அந்தக் காலு" என்றாள்.